ருசி பார்த்த வினைச்சொல்

ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவனுக்கு 1970களின் நடுவில் நீலகிரியில் கைக்கெட்டிய வேலை தேயிலை வேலைதான். ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்வரை பையன் சும்மா திரிய வேண்டாம் என்று, குன்னூரில் தேயிலை ஏலத் தரகு நடத்திவந்த ஒரு கம்பெனியில் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதியே காலம் தள்ளியவர் அவர். அவருக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதான்.

'சூஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டுத் தேயிலையில் தொடங்குகிறானே என்று நினைக்க வேண்டாம். அந்தச் சொல்லின் வேர்ப்பொருளை அகராதியில் படிப்பதற்கு முன்பே, அந்தக் கம்பெனியின் டேஸ்டிங் ரூமில் தினமும் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறேன் என்பது அப்போது தெரியாது, அவ்வளவுதான்.

குன்னூரில் தேயிலை ஏலம் 1963இல் தொடங்கியது. அதற்கு முன்பு தென்னிந்தியத் தேயிலைக்குப் பெரிய ஏலச் சந்தை என்றால் கொச்சிதான். ஏல முறையோ இவற்றுக்கெல்லாம் மூத்தது. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி 1679இலேயே தேயிலையை ஏலத்தில் விற்றிருக்கிறது. கல்கத்தாவில் 1861இல் ஏலம் ஆரம்பமானது. எந்த ஊரானாலும் ஏலத்துக்கு முன்னால் நடக்கும் சடங்கு ஒன்றே. யாராவது ஒருவர் அத்தனை தூளையும் வாயில் வைத்துப் பார்த்து விலை மதிப்பு எழுதியாக வேண்டும். எங்கள் ஆபீசில் அந்த 'யாராவது', எல்லோரும் டேஸ்டர் சார் என்று அழைத்த ஒரு பெரியவர்.

காலையில் நான் போவதற்குள் பாக்டரிகளிலிருந்து வந்த சாம்பிள் பொட்டலங்கள் மேஜையில் குவிந்திருக்கும். ஒவ்வொன்றையும் லாட் நம்பர்படி அடுக்க வேண்டும். சின்னத் தராசில் எல்லாவற்றுக்கும் ஒரே எடை தூள் நிறுத்து, மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் கோப்பைகளில் போட வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்ற வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர் கூடாது. மணி அடித்ததும் கோப்பையைப் பக்கத்துக் கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்தால், கோப்பை வாயில் இருக்கும் பல் வெட்டு வழியாகச் சாறு மட்டும் இறங்கும். ஊறிய இலையை மூடியைத் திருப்பி அதன்மேல் கொட்டி வைப்போம். ஆக, காய்ந்த தூள், ஊறிய இலை, சாறு என்று ஒவ்வொரு லாட்டுக்கும் மூன்று சாட்சிகள் வரிசையாக நிற்கும். நீள மேஜை வடக்குப் பார்த்த ஜன்னலை ஒட்டி இருந்தது. வெயில் நேரே விழுந்தால் சாற்றின் நிறம் பொய் சொல்லும் என்பார்கள்.

டேஸ்டர் சார் கரண்டியால் சாற்றை எடுத்து 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சுவார். வீட்டில் யாராவது அப்படிக் குடித்தால் அம்மா தலையில் குட்டியிருப்பாள். அந்தச் சத்தத்துக்கு வேலை இருக்கிறது. காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் சாறு துளித்துளியாகச் சிதறி வாய் முழுக்கப் படும். வாசனை தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும். நாம் ருசி என்று சொல்வதில் பாதிக்கு மேல் அந்தப் பின்வாசல் வழியாக வருகிற வாசனைதான். உறிஞ்சியதும், சக்கரம் வைத்த உயரமான எச்சில் கலத்தில் துப்பிவிடுவார். நூற்றுக்கணக்கில் கோப்பைகள் காத்திருக்கும்போது விழுங்கினால் ஆள் தாங்கமாட்டார். துப்பிய கையோடு ஒரு சொல் வரும்: 'பிரிஸ்க்', 'பிளாட்', 'பேக்கி', 'ஸ்மோக்கி'. பின்னாலேயே நடந்துவரும் குமாஸ்தா கேட்லாக்கில் குறித்துக்கொள்வார். பிரிஸ்க் என்றால் நாக்கைச் சுண்டுகிற உயிர்ப்பு. பிளாட் என்றால் சப்பென்று இருப்பது. பேக்கி என்றால் டிரையரில் கூடுதல் சூடு வாங்கியது. புகை வாடை இருந்தால் ஸ்மோக்கி. எங்கோ ஒரு பாக்டரியில் அடுப்புக் குழாயில் கசிவு இருக்கிறது என்று பொருள். குன்னூரில் நின்றபடியே கோத்தகிரிப் பக்கத்து பாக்டரியின் பழுதடைந்த அடுப்பைச் சொல்லிவிடுவார் மனிதர்.

எனக்குக் காய்ந்த தூளைக் கையில் அள்ளிப் பார்ப்பதில் ஒரு பிரியம். கறுப்பாக, மணிமணியாக, ஒரே அளவாக இருந்தால் நல்லது என்று ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன தம்பி, கண்ணாலயே குடிச்சு முடிச்சாச்சா?"

"இல்ல சார், இது பாக்க நல்லா இருந்துச்சு."

"பாக்க நல்லா இருக்கறத விக்கறதுக்கு நகைக்கடை இருக்கு. வாயில ஊத்து. அப்பறம் பேசு."

ஊற்றினேன். நான் ஒதுக்கி வைத்தது சப்பென்று இருந்தது. பக்கத்தில் மங்கிப் பழுப்பேறிக் கிடந்த தூள் நாக்கைப் பிடித்து இழுத்தது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்துத் தேயிலை அது. குளிரில் கொழுந்து மெதுவாக வளரும் அந்த மாதங்களில்தான் நீலகிரித் தேயிலைக்குத் தனி மணம் வரும். கண்ணுக்கு அது தெரியாது.

அவரிடம் எனக்கு இன்னும் பிடித்தது வேறொன்று. தனக்குப் பிடித்ததை மட்டும் அவர் உயர்த்தி மதிப்பிடமாட்டார். "இது டீக்கடைச் சரக்கு, சாயம் நல்லா எறங்கும்" என்பார். "இது பால் ஊத்தாம குடிக்கறவனுக்கு" என்பார். பால் ஊற்றாமல் குடிக்கும் அந்த ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலைதான் அவர் வீட்டுக்கு வாங்குவது. ஆனால் டீக்கடைச் சரக்கான சிடிசி டஸ்ட்டுக்கு உரிய விலையைப் போடுவதில் ஒரு பைசா குறைத்ததில்லை. ஒரே நாக்கில் பல ஊர்க்காரர்களின் நாக்கை வைத்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்து சைதாப்பேட்டைக்குப் போனேன். மலையிலிருந்து இறங்கியவனுக்குச் சென்னை வெயிலைவிடச் சென்னைத் தமிழ்தான் முதலில் உறைத்தது. விடுதி வாசலில் ரிக்‌ஷா போட்டிருந்தவர் எல்லோரையும் 'தோஸ்த்து' என்றுதான் கூப்பிடுவார். இந்தத் தோஸ்த்தைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயிலேறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் மேய்வோம். 1985இல் எரிந்துபோன அந்தக் கட்டடத்தைப் பற்றி என் வயதுக்காரர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் வாங்கிய ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் சொல்கிறேன். அட்டை பிய்ந்த, செல்லரித்த, வால்டர் ஸ்கீட்டின் சுருக்கச் சொற்பிறப்பு அகராதி. கடைக்காரர் சொன்ன விலையை நண்பன் பாதியாக்கினான்.

ஸ்கீட் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். பிறகு மதகுருவாகி, உடல்நலம் கெட்டு அந்த வேலையை விட்டுக் கேம்பிரிட்ஜுக்கே திரும்பியவர். பழைய ஆங்கிலத்துக்கு அங்கே பேராசிரியர் பதவி ஏற்படுத்தியபோது 1878இல் அதில் முதலில் அமர்ந்தவர் அவர்தான். அவருடைய பெரிய சொற்பிறப்பு அகராதி 1879 முதல் 1882 வரை பகுதி பகுதியாக வந்தது. கணிதக்காரரின் சிக்கனம் அகராதியில் தெரியும். ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் அது எந்த மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்று ஓரிரு எழுத்தில் குறி போட்டுவிடுவார்.

'சாய்ஸ்', 'சூஸ்' இரண்டையும் ஒருநாள் அதில் தேடினேன். வினைச்சொல் சூஸ், அதன் பெயர்ச்சொல் சாய்ஸ். தேர் - தேர்வு மாதிரி ஒன்றிலிருந்து மற்றது வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஸ்கீட்டோ சூஸுக்கு 'ஆங்கிலம்' என்று குறி போட்டிருந்தார். சாய்ஸுக்குப் 'பிரெஞ்சு' என்று போட்டு, அதற்குப் பின்னால் ஜெர்மானியம் என்றும் சேர்த்திருந்தார். இதென்ன கூத்து என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். அன்று தொடங்கியது, இன்றுவரை விடவில்லை.

கதை இப்படிப் போகிறது. பழைய ஆங்கிலத்தில் 'சேயோஸன்' என்று ஒரு வினைச்சொல். தேர்ந்தெடுப்பது, நாடுவது, சோதித்துப் பார்ப்பது எல்லாம் அதன் பொருளில் அடங்கும். அதற்குச் சொந்தப் பெயர்ச்சொல் ஒன்றும் இருந்தது: 'கூரே' என்று ஏறத்தாழ உச்சரிக்கலாம். நாளடைவில் அது வழக்கொழிந்து போயிற்று. இதற்கிடையில் ஜெர்மானியக் குடிகள் ரோமப் பேரரசின் மேற்குப் பகுதிகளில் புகுந்து குடியேறியபோது தங்கள் சொற்களையும் கொண்டுபோனார்கள். அப்படிப் பிரெஞ்சுக்குள் போன ஒரு சொல், கோத்தியம் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் 'கௌஸ்யன்' என்ற வடிவில் நமக்குக் கிடைக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பைபிளைக் கோத்திய மொழியில் பெயர்த்தபோது, மரணத்தைச் சுவைப்பது பற்றிப் பேசும் இடங்களில் இந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறார். தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் 'ருசிபார்த்தல்' என்று இருக்கும். நான் முதலில் இதைப் படித்தபோது குன்னூர் மேஜையும் எச்சில் கலமும்தான் நினைவுக்கு வந்தன.

பிரெஞ்சுக்குள் போன சொல் அங்கே வேறு ருசி கண்டது. பழைய பிரெஞ்சில் 'ஷ்வாஸீர்' என்பதன் முன்னோடி வடிவத்துக்குக் கண்ணால் கண்டுகொள்ளுதல், பிரித்தறிதல் என்ற பொருள்தான் முதலில் ஓங்கியிருந்தது. தேர்ந்தெடுத்தல் என்ற பொருள் பிறகு நிலைத்தது. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் நார்மன் வெற்றிக்குப் பிறகு இங்கிலாந்துக்கு வந்து, செத்துப்போன கூரேயின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. ஆக, வினைச்சொல் உள்ளூரிலேயே கிடந்தது. பெயர்ச்சொல் வெளியூர் போய், நாக்கை விட்டுக் கண்ணைப் பிடித்துக்கொண்டு, பட்டணத்து உடுப்போடு திரும்பி வந்தது.

இரண்டுக்கும் அடியில் இருக்கும் வேரை மொழியியலாளர்கள் 'கெயுஸ்' என்று மீட்டெடுத்திருக்கிறார்கள். அதன் பொருள் ருசி பார்த்தல். எழுத்தில் எங்கும் கிடைக்காத, ஒப்பிட்டு ஊகித்த வடிவம் என்பதால் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். லத்தீனின் 'குஸ்துஸ்' இந்த வேர்தான்; அதற்குப் பொருள் சுவை. ஆங்கிலத்தின் 'டிஸ்கஸ்ட்', அதாவது அருவருப்பு, அதிலிருந்து வந்தது. தேர்ந்தெடுப்பதும் குமட்டுவதும் ஒரே குடும்பம். ஜெர்மனில் 'கோஸ்டன்' என்றால் ருசித்தல். அதே ஒலியில் 'விலை பெறுதல்' என்று இன்னொரு வினைச்சொல்லும் ஜெர்மனில் உண்டு. அதற்கு வேர் வேறு, அது லத்தீன் வழி. தேயிலைத் தரகருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றினால் குற்றமில்லை. சமஸ்கிருதத்தின் 'ஜுஷ்' என்ற வினையடியும் இந்த வேரே. தேவர்கள் ஆகுதியை மகிழ்ந்து ஏற்க வேண்டும் என்று வேதப் பாடல்கள் அழைக்கும்போது இந்த வினையைப் பயன்படுத்துகின்றன.

இப்போது ஓரத்தில் உட்கார வைத்த தோஸ்த்தைக் கூப்பிடலாம். அது ஸ்கீட்டில் கிடைத்ததில்லை. பல ஆண்டுகள் கழித்து வேறொரு அகராதியில் எதையோ தேடப்போய் அகப்பட்டது. பாரசீகத்தில் தோஸ்த் என்றால் நண்பன். அதன் பழம்பாரசீக வடிவம் பேரரசன் தாரயவுஷின் கல்லறைக் கல்வெட்டில், நக்ஷ்-இ-ருஸ்தம் பாறையில் இருக்கிறது. நேர்மைக்குத் தான் நண்பன் என்று மன்னன் அறிவிக்கும் இடத்தில் வருகிறது. மூல வேரின் முதல் மெய் அந்த மொழியில் 'த'கரத்தின் மெல்லோசையாக மாறிவிடும். மற்றபடி வேர் அதே ருசி பார்க்கும் வேர்தான். விரும்பிச் சுவைக்கப்பட்டவன், மனம் ஏற்றுக்கொண்டவன் நண்பன். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு, உருதுவிலிருந்து சென்னைக்கு. சைதாப்பேட்டை ரிக்‌ஷாக்காரர் என்னைத் தோஸ்த்து என்று கூப்பிட்டபோது, நான் பையில் சுமந்துகொண்டு போன ஆங்கில அகராதியில் இருந்த சூஸுக்கு அவர் பங்காளி முறையாகிவிட்டார். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

வேலை கிடைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு இந்த ஆசை குறையவில்லை. வகுப்பில் 'கோ, வென்ட், கான்' வாய்ப்பாடு ஒப்பிக்கும் காலம் அது. 'சூஸ், சோஸ், சோஸன்' என்று பிள்ளைகள் இழுப்பார்கள். இந்தச் சொல்லின் பழைய மூன்றாவது வடிவம் 'சோஸன்' போல இருந்ததில்லை. 'கோரன்' என்று, நடுவில் 'ர' ஒலியோடு இருந்தது. ஒரே சொல்லின் ஒரு வடிவத்தில் 'ஸ'வும் இன்னொரு வடிவத்தில் 'ர'வும் வருவது ஏன் என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் 1877இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். சொல்லில் அழுத்தம் எந்த அசையில் விழுந்தது என்பதைப் பொறுத்து மெய்யொலி மாறியிருக்கிறது. பின்னால் ஆங்கிலம் பேசியவர்கள் எல்லா வடிவத்துக்கும் 'ஸ'வையே போட்டு ஒழுங்குபடுத்திவிட்டார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தப் பழைய மாற்றம் அழியாமல் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் தினமும் சொல்கிறார்கள்: 'வாஸ், வேர்'. ஒருமைக்கு வாஸ், பன்மைக்கு வேர் என்று காரணம் தெரியாமல் நாம் உருப்போட்டதற்குப் பின்னால் இருப்பது வெர்னர் விதி. இதைச் சொன்ன அன்று பின்வரிசையில் ஒரு பையன், "அப்ப தப்பு எங்க மேல இல்ல சார்" என்றான். வாஸுக்கும் வேருக்கும் சண்டை போட்டே மார்க் இழந்தவன் அவன்.

எழுத்துக்கூட்டலிலும் இந்தச் சொல் கட்டுப்பெட்டியாக இருந்ததில்லை. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தில் இதைச் சி, எச், யு, எஸ், ஈ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஜேன் ஆஸ்டினும் அப்படியே எழுதியவர். எங்கள் பள்ளியில் அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்போம்.

எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர். தமிழ்ப்பற்று மிக்கவர், நல்ல மனிதர். ஒருநாள் ஓய்வறையில் நான் இந்தக் கதையை அளந்துகொண்டிருந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், ருசி பாக்கறதுன்னா என்ன? சுவைக்கறது. சுவை, சூஸ். இதுக்கு எதுக்கு டென்மார்க் வரைக்கும் போகணும்?"

அறையே கைதட்டியது. கேட்கவும் ஜோராகத்தான் இருந்தது. ஆனால் இதை ஏற்க முடியாது. ஏன் என்று அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். சூஸில் இப்போது கேட்கும் 'ச' ஒலி பிறப்பிலேயே வந்ததில்லை. கோத்தியத்தில் 'கியூசன்', டச்சில் 'கீஸன்', லத்தீனில் 'குஸ்துஸ்' என்று உறவுகள் எல்லாம் 'க'வில் நிற்கின்றன. ஆங்கிலத்திலோ இகர, எகர உயிர்களுக்கு முன்னால் நின்ற பழைய 'க', 'ச'வாக மெலிந்தது. ஜெர்மனில் 'கின்' என்பது ஆங்கிலத்தில் 'சின்', அதாவது மோவாய். ஜெர்மனில் 'கேஸ' என்பது ஆங்கிலத்தில் 'சீஸ்'. எனவே இன்றைய ஒலியைப் பிடித்துக்கொண்டு சுவையோடு முடிச்சுப் போட்டால், ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அந்த முடிச்சு தானாகவே அவிழ்ந்துவிடும். சொற்களை இன்றைய உருவத்தில் ஒப்பிடக் கூடாது, கிடைக்கும் மிகப் பழைய உருவத்தில் ஒப்பிட வேண்டும். இந்த ஒழுக்கம் நமக்கு அந்நியமும் இல்லை. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று சென்னையில் இருந்த எல்லிஸ் 1816இல் எடுத்துக்காட்டியதும், கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் எழுதியதும் ஒலிகளையும் இலக்கணத்தையும் முறையாக ஒப்பிட்டுத்தான். தமிழாசிரியர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "இருந்தாலும் என்னுது நல்லா இருந்துச்சு" என்றார். அதை நானும் மறுக்கவில்லை.

தமிழுக்கு இரவல் பெருமை தேவையுமில்லை. நம்முடைய 'ஆய்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார்கள்; பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறார்கள். வேலை ஒன்றுதான்: பூச்சியரித்ததைத் தள்ளி நல்லதை எடுப்பது. ஆங்கிலத்தின் 'எலெக்ட்' இதற்குப் பக்கத்தில் வருகிறது. அது பொறுக்குதல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'எலிகன்ட்' அதன் உறவு. பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிறவர் நயமுடையவர். 'வோட்' என்பது நேர்த்திக்கடனுக்கான லத்தீன் சொல்லின் வழிவந்தது, 'பாலட்' என்பது சின்னப் பந்துக்கான இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. கையும் நாக்கும் கடவுளும் பந்துமாக, தேர்வு பற்றிய சொற்கள் எல்லாத் திசையிலிருந்தும் வந்திருக்கின்றன.

பாலட், அதாவது வாக்குச்சீட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர் யாரும் தேர்தல் வேலைக்குத் தப்ப முடியாது. எலெக்‌ஷன் டியூட்டிக்கு ஒருமுறை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களை ஒட்டிய ஒரு வாக்குச்சாவடியில் போட்டிருந்தார்கள். சீட்டில் முத்திரை குத்தும் காலம். விரலில் மை வைப்பது என் வேலை. கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனி கறுத்துப்போன ஒரு கிழவி இடது கையை நீட்டினார். அந்தக் கறையில் என் மை எங்கே தெரியப்போகிறது என்று நகத்தோரம் பார்த்து வைத்தேன்.

"நல்லா வையி சாமி," என்றார். "போன தரம் போட்டதே இன்னும் வாயில கசந்துகிட்டு இருக்கு."

முகவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைமை அலுவலர் அதட்டியதும் கிழவி சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய்விட்டார். யாருக்குப் போட்டதைச் சொன்னார் என்று தெரியாது; தெரிந்துகொள்ளவும் கூடாது. 'கெயுஸ்' வேரிலிருந்து டிஸ்கஸ்ட் எப்படிக் கிளைத்தது என்று ஸ்கீட் சொல்வதைவிட அவர் சுருக்கமாகச் சொன்னார். தேயிலையைத் துப்பிவிட்டு விலை போடலாம். வாக்கை முதலில் போட்டுவிட்டு ஐந்தாண்டு ருசி பார்க்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் ஒருகாலத்தில் பேரரசனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏழு பேருக்குத்தான் இருந்தது. 1356இல் அதைச் சாசனமாகவே எழுதினார்கள். 'கூர்ஃப்யூர்ஸ்ட்' என்ற அவர்கள் பட்டத்தில் இருக்கும் 'கூர்' இதே ருசி பார்க்கும் வேர். அவர்கள் தேர்ந்தெடுத்ததை மற்றவர்கள் விழுங்க வேண்டியிருந்தது. கிழவியின் கசப்பு அவர் தானே போட்டதன் கசப்பு. அந்த அளவுக்கு நம் ஏற்பாடு மேல்.

பள்ளிக்கூடத் தமிழில் சூஸும் சாய்ஸும் எடுத்த அவதாரம் தனி. சூஸ் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு வினைச்சொல்லே இல்லை. நான்கு விடை கொடுத்துச் சரியானதை எழுதச் சொல்லும் ஒரு மதிப்பெண் பகுதிக்குப் பெயர் சூஸ். "சூஸ் புல்லா அடிச்சுட்டேன் சார்" என்பார்கள். சாய்ஸ் என்றால் படிக்காமல் விட்டது. "அந்தப் பாடத்த சாய்ஸ்ல விட்டுட்டேன்." ஒன்று எடுப்பது, மற்றது விடுப்பது. ஒரே வேரின் இரண்டு கிளை ஆயிரத்தைந்நூறு ஆண்டு வேறுவேறு வழியில் நடந்து, நம் பரீட்சை ஹாலில் எதிரெதிராக வந்து நிற்கிறது. எந்த மொழியியலாளர் எழுதிய உதாரணத்தைவிடவும் இது எனக்குப் பிடிக்கும்.

பிடிக்காததும் உண்டு. நான் பணியில் இருந்த காலத்தில் சூஸ் பகுதி வளர்ந்துகொண்டே போயிற்று. கூடவே அதற்கான தந்திரங்களும். நீளமான விடை சரியாக இருக்கும், 'மேற்கண்ட அனைத்தும்' என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடு, ஒன்றும் தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் 'சி' போடு. டியூஷன் சென்டர்களில் இதையே பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பார்த்ததும் பதில் தெரிய வேண்டும் என்பது நோக்கம். டேஸ்டர் சார் கண்ணால் குடிக்காதே என்றாரே, அதற்கு நேர்மாறு. பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை. 'சூஸ்' என்ற சொல்லின் இறந்தகால வடிவம் கேட்டுவிட்டு, கீழே 'மாங்காய்' என்று ஒரு விடை கொடுத்தால் எந்தப் பிள்ளைதான் யோசிக்கும்? மிகைப்படுத்தவில்லை. கிட்டத்தட்ட அந்தத் தரத்தில் வினாக்கள் திருத்தியிருக்கிறேன்.

நல்ல சூஸ் வினாவை நான் எழுதியது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இளம் ஆசிரியர்களுக்குப் பயன்படலாம். விடைத்தாள் திருத்தும்போது பிள்ளைகள் உண்மையாகவே செய்த தவறுகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். 'சூஸ்டு' என்று எழுதிய பிள்ளைக்கு ஒரு காரணம் இருந்தது: மற்ற வினைகளில் அப்படித்தானே வருகிறது? 'சோஸன்' என்று எழுதிய பிள்ளை மூன்றாவது வடிவத்தை இரண்டாவது என்று நினைத்திருக்கிறது. அந்தத் தவறுகள்தான் அடுத்த வினாத்தாளில் மற்ற மூன்று விடைகள். அப்போது பிள்ளை ஒவ்வொன்றையும் வாக்கியத்துக்குள் போட்டு, மனதுக்குள் சொல்லிப் பார்த்து, இது ஒட்டுகிறது, இது ஒட்டவில்லை என்று கழிக்கும். அதுதான் சூஸ். மற்றதெல்லாம் வட்டம் போடுவது.

குன்னூர் ஏலம் இப்போது கணினியில் நடக்கிறது. கை தூக்குவதும் கத்துவதும் போயிற்று. லண்டன் ஏலத்தையே 1998 ஜூனில் மூடிவிட்டார்கள். ஆனால் ஏலத்துக்கு முன்னால் சாம்பிளை உறிஞ்சித் துப்பி மதிப்புப் போடுவது மனிதர்தான். பொதுத்தேர்வு வினாத்தாள் எழுதும் ஆசிரியர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு மதிப்பெண் வினாதானே என்று கடைசியில் அவசரமாக எழுதாதீர்கள். சரியான விடைக்குச் செலவிடும் நேரத்தைவிட, தவறான அந்த மூன்று விடைகளுக்கு அதிக நேரம் செலவிடுங்கள்.